மடித்துப் பிடித்த கயிறு

எங்கள் காட்டில் இருக்கும் பள்ளத்துக்கு ஊரில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் ஆடும் பொடியன்களுக்கு அது ஸ்டேடியம். பந்தை எந்தப் பக்கம் அடித்தாலும் மண்சுவரில் மோதி உருண்டு திரும்பி வந்துவிடும். பொறுக்க ஓட வேண்டியதில்லை. சீட்டாடுகிறவர்களுக்கு அது கிளப். ஆடு மேய்க்கிற பெண்களுக்கு நிழல். பண்ணைக்குட்டை என்று அதைச் சொல்வது காகிதத்தில் மட்டும்தான். வெட்டிப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஒரு தவளைகூட அங்கே குடிவந்ததில்லை.

மானாவாரி நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, மலையடியில், இரண்டு ஏக்கர். புலியெல்லாம் கிடையாது. இருந்த ஒரே துஷ்ட மிருகம் நான்தான் என்று அம்மா சொல்வாள்.

அந்த மிருகம் இப்போது டிப்பர் ஓட்டுகிறது. எட்டாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முறிந்தது. யார் யாரை விட்டது என்பதில் வாத்தியார்களுக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வண்டி என் மாமாவுடையது. மண் அள்ளப் போகிற இடத்தில் நிலத்துக்காரர் எல்லைக்குக் குச்சி நட்டு வைத்திருந்தால், இறங்கிப் போய் அதை ஒருமுறை அசைத்துப் பார்ப்பேன். கூட வருகிற கிளீனர் பையன் சிரிப்பான்.

“என்னண்ணே, சாமி கும்பிடுறீகளா?”

“ஆமாடா, குச்சிச்சாமி. கும்பிடலைன்னா கண்ணக் குத்தும்.”

அவனுக்கு அதற்குமேல் நான் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. அப்பா அப்போது மலைமேல் ஏலத்தோட்டத்தில் காவல் வேலை பார்த்தார். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் விடியலில் ஜீப்பில் ஏறி, பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். காவல்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. தோட்டத்துக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகையில் கிடக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை இறங்குவார், ஞாயிறு சாயங்காலம் ஏறிவிடுவார். அந்த ஒன்றரை நாளுக்குள் என்னுடைய பதினைந்து நாள் குற்றங்களை விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, தண்டனையையும் நிறைவேற்றியாக வேண்டும். நேரம் பற்றாமல் சில வழக்குகள் தள்ளுபடியாவதும் உண்டு. அதை நம்பித்தான் நான் பிழைப்பு நடத்தினேன்.

அம்மா காலையில் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போய்விட்டு, மதியத்துக்குமேல் எங்கள் காட்டில் கிடப்பாள். மழை பெய்தால் கடலை, குறைவாகப் பெய்தால் மொச்சை, பெய்யாவிட்டால் வெயில். இந்த மூன்றைத் தவிர அங்கே வேறு எதுவும் விளைந்ததில்லை.

அப்பாவின் குட்டை மண்ணில் வெட்டப்படுவதற்கு நான்கு வருஷம் முன்பே அவர் வாயில் வெட்டப்பட்டுவிட்டது. சனிக்கிழமை வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். மலையிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் எங்கள் காட்டின் வடமேற்கு மூலையில் நுழைந்து, வேலியோரமாகவே ஓடி, ரோட்டைத் தாண்டி யாருக்கோ போகிறது. அதை அந்த மூலையிலேயே நிறுத்திவைத்தால் கடலைக்கு இரண்டு தண்ணீர் பாய்ச்சலாம். அதன்பிறகு காய்கறி போடலாம். கரையில் முருங்கை வைக்கலாம்.

“ஒரு குட்டைய மட்டும் வெட்டிப்புட்டேன்னா, அப்பறம் எதுக்குத்தா நான் மலையேறப் போறேன்?” என்பார் அம்மாவிடம்.

“மொதல்ல வெட்டுங்க. நாலு வருசமா வெந்நிக்குள்ளதான் வெட்டிக்கிட்டு இருக்கீக.”

அம்மா அப்படி எடுத்தெறிந்து பேசினாலும், அந்தப் பேச்சு வந்தால் அடுப்படியை விட்டு எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்பாள். அப்பா வீட்டோடு வந்துவிடுவார் என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய சேதி. எனக்குத்தான் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் விசாரணை நடக்கிற வீட்டில் ஒரு மனிதன் எப்படி இருப்பது?

அந்த வருஷம் ஆடியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பில் வந்தார். மூலையிலிருந்து ஒரு கை மண்ணும், கொஞ்சம் கிழக்கே தள்ளி மேட்டிலிருந்து ஒரு கை மண்ணும் எடுத்துவந்து, நனைத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு இரண்டு உருண்டை பிடித்து, இரண்டு சிரட்டைத் தண்ணீரில் போட்டுவைத்தார். மறுநாள் காலை மேட்டுச் செம்மண் உருண்டை கரைந்து குழம்பாகிவிட்டது. மூலை உருண்டை போட்டது போட்டபடி கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, கோயில் பிரசாதம்போல் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“களிமண்ணுத்தா இது. ஒரு சொட்டு கீழ விடாது.”

நான் அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்வதுபோல் பாவனை காட்டி ஓர் அறை வாங்கினேன்.

அப்புறம் அளவெடுத்தோம். ஏலக்காய் மூட்டை கட்டுகிற மஞ்சள் நைலான் கயிறு ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனிவரை ஒரு பாகம். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து, பாகத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனார். கயிற்றின் ஒரு முனையை மூலையிலிருந்த எல்லைக்கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்வது என் வேலை. அப்பா மறுமுனையோடு நடப்பார். கயிறு விறைத்ததும் “மதி” என்பார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்தில் கம்பளிக்கு அடுத்தது அந்த வார்த்தைதான்.

அவர் திரும்பிப் பார்க்காத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்தபடியே ஒரு சாண் நகர்ந்துவிடுவேன். கயிறு தொய்யும். கண்டுபிடித்துவிடுவார்.

“ஏலே, முனையக் கல்லோட வச்சுப் புடி. அங்கன நீ ஒரு சாண் நகண்டா, இங்கன குட்டையே நகண்டுரும்.”

குட்டை நகரும் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கல்லிலிருந்து ஆறு முடிச்சில் முதல் குச்சி. அங்கிருந்து அளந்து மற்ற மூன்றும். ஆழம் இரண்டு ஆள். குறி நடுவதற்குக் காய்ந்த குச்சி எதுவும் கையில் அகப்படாததால், வேலியிலிருந்து கிளுவைக் கொம்பு நான்கை வெட்டிச் சீவி, கல்லால் அடித்து இறக்கினார். கிளுவை வெட்டி நட்டால் வேர்விடுகிற மரம். அதனால்தான் எங்கள் பக்கத்தில் வேலியெல்லாம் அதுவாக இருக்கிறது. அன்றைக்கு அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

குட்டையை யார் வெட்டுவது என்ற கேள்விக்குத்தான் மாமா வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைகிற ஒரே ஆள். காசை மூக்கில் விட்டுக் காதில் எடுப்பார். கன்னுக்குட்டி மாதிரி கத்தி எங்கள் பசுவையே ஏமாற்றுவார். பத்து வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துச் சீராகச் செய்ய வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ஓட்டையில்லாத பானை என்பார்கள். மாமா வரும்போதெல்லாம் தன் காதுமடலை இழுத்துக் காட்டி, “மாசியில பாரு மாப்ள, தங்கத்துல கடுக்கன்” என்பார். அதனாலேயே அவர் எனக்குச் சாமி.

அப்போதுதான் அவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பொக்லைன் இயந்திரமும் பழைய டிப்பர் ஒன்றும் வாங்கியிருந்தார். அப்பாவிடம் சொன்னார்: “வாடகையெல்லாம் வேண்டாம் மச்சான். எங்கக்கா காடு. தோண்டுற மண்ணுல கரைக்குப் போக மிஞ்சுனத மட்டும் நான் அள்ளிக்கிறேன். பண்ணைக்குட்டைன்னா ஆரும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாக.”

அப்பா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த விடுப்பில் தான் வந்தபிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். மாமா தலையை ஆட்டினார். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறும்போது பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு ஏறினார். அவர் வாயில் பாட்டு வந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் மாமா காட்டுக்கு வந்தார். அம்மா திராட்சைத் தோட்டத்தில் இருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை.

குச்சிகளைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். களிமண்ணைச் செருப்பால் கிளறி, முகத்தைச் சுளித்தார்.

“ஒங்கப்பா ஏலச்செடியப் பாத்த ஆளு. மிசினப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்? இந்தக் களியில வண்டிய விட்டாப் பொதஞ்சிரும் மாப்ள. அப்பறம் தண்ணிக்குப் பதிலா வண்டியத்தான் குட்டையில போட்டு வைக்கணும்.”

“அப்பாகிட்டச் சொல்லுவமா மாமா?”

“சொன்னா அதுக்கு நாலு வருசம் யோசிப்பாக. வெட்டி முடிச்சுட்டுச் சொல்லுவோம். வந்து பாத்து அசந்துரணும்.”

கிழக்கே மேட்டுப் பக்கமாக நடந்து, குதிகாலால் செம்மண்ணில் நான்கு இடத்தில் கீறினார்.

“குச்சியெல்லாம் இங்கன வந்துட்டாப் போதும்.”

“நீங்களே புடுங்கி நடுங்க.”

“நான் தொடலாமாடா? அடுத்தவன் காட்டுல நட்ட குச்சியப் புடுங்கினாப் பாவம். நீ காட்டுக்காரன். நீ தொட்டா ஒரு குத்தமும் இல்ல.”

அதுவரை என்னை யாரும் காட்டுக்காரன் என்று சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பிடுங்கினேன். மூன்று குச்சி சொன்னபடி வந்தது. நான்காவது, அப்பா கல்லிலிருந்து அளந்து முதலில் நட்டது, ஆழமாக இறங்கியிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததில் நடுவில் முறிந்து, அடிப்பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமா வேலியிலிருந்து அதே கனத்தில் இன்னொரு கொம்பை ஒடித்துக் கொடுத்தார். முறிந்ததன்மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். குறி நான்கும் மேட்டுக்குக் குடியேறின. கூலியாகப் பொக்லைனில் உட்காரவைத்துக் கம்பியை இழுக்க விடுவதாக ஒப்பந்தம்.

மதியத்துக்குமேல் அம்மா காட்டுக்கு வந்தாள். மேட்டுக் குச்சி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏந்தம்பி, குச்சி மூலையிலல்ல நின்டுச்சு?”

“மச்சான் மலையேறுறன்னைக்கு மாத்தி நட்டுட்டுப் போனாகளே. ஒனக்குச் சொல்லலையாக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள். என் வாய் நிறைய மாமா வாங்கிவந்த பரோட்டா இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். கேட்டுப் பார்க்கலாம் என்றால், அப்பாவின் செல்போனுக்குத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது.

மறுநாளே இயந்திரம் வந்தது. மூன்று நாள் வெட்டினார்கள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மூன்று நாள் இருந்ததாக ஞாபகமில்லை. ஓட்டுகிற அண்ணன் மடியில் உட்கார்ந்து கம்பியை இழுத்தேன். இரும்புக்கை இறங்கி எங்கள் காட்டை ஒரு வாய் கடித்தது. டிப்பர் பின்னால் வரும்போது “வரட்டும், வரட்டும், ரைட்டேய்” என்று விசிலடித்தேன். குங்குமம் மாதிரி மண், தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

“இம்புட்டு மண்ணும் எங்கண்ணே போகுது?”

“பழனிசெட்டிபட்டியில பிளாட்டுக்கு. அங்கன பள்ளமாக் கெடக்கு, இங்கன மேடாக் கெடக்கு. ரெண்டையும் சமமாக்குறோம்.”

எங்கள் மண்மேல் மாடிவீடு வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டேன். இரண்டு ஆள் ஆழம் என்றது நான்கு ஆளாயிற்று. அடியில் சரளைக்கல் தட்டியபிறகுதான் நிறுத்தினார்கள். கரைக்கென்று விட்டுப்போன மண், கடலை காயப்போடுகிற அளவுக்குச் சுற்றிலும் தூவிக் கிடந்தது.

அடுத்த வாரச் சனிக்கிழமை அப்பா இறங்கினார். சேதி ஜீப்பிலேயே அவருக்கு எட்டிவிட்டது. பையை வீட்டில் வைக்காமல் நேராகக் காட்டுக்கு வந்தார். அங்கே அம்மாவோடும் என்னோடும் மாமா பக்கோடாப் பொட்டலத்தோடு தயாராக நின்றார். அப்பா பள்ளத்தைப் பார்த்தார். அப்புறம் மூலையைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார்.

“இங்கனயா மாப்ள நான் குறி வச்சேன்?”

“என்ன மச்சான் இப்பிடிக் கேக்குறீக? ஒங்க குச்சிதான் நாலும். இந்தா, விளிம்புல இன்னும் நிக்கிதுல்ல?”

அப்பா பைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் கல்லோடு சேர்த்துப் பிடித்தேன். அன்றைக்கு ஒரு விரல்கூட நகரவில்லை. அவர் முடிச்சை எண்ணிக்கொண்டே நடந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

“பன்னண்டு வருது. நான் ஆறுலல்ல நட்டேன்.”

மாமா கயிற்றைக் கையில் வாங்கி, யோசிப்பதுபோல் இரண்டாக மடித்துப் பார்த்தார்.

“கயித்த மடிச்சுப் புடிச்சு அளந்திருப்பீக மச்சான். ரெட்டையில ஆறுன்னா ஒத்தையில பன்னண்டு வரத்தான செய்யும்? பிளாட் அளக்கையில நானே எத்தன தடவ ஏமாந்திருக்கேன்.”

மடித்தாலும் ஆறு முடிச்சு ஆறு பாகம்தான் என்று அப்பாவுக்கு உறைக்கவில்லை. படிக்காத மனிதர். கணக்கில் யாராவது உறுதியாக ஒன்று சொன்னால் அவர் குரல் தானாக இறங்கிவிடும். என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, நீதான முனையப் புடிச்சிருந்த. மடிச்சா அளந்தோம்?”

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற மாமா, தன் காதுமடலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார்.

“ஆமப்பா. மடிச்சுத்தான்.”

சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. அறை விழவில்லை. அப்பா கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து, இரண்டு கையையும் விரித்தார். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. அடுத்ததற்கு விரித்தார். அதுவும் சரியாக இருந்தது. தன் கை நீளத்தின்மேலேயே சந்தேகம் வந்தவர்போல, பன்னிரண்டு முடிச்சையும் அப்படிப் பார்த்தார். காக்கா விரட்டக் கட்டிவைத்த பொம்மை மாதிரி இருந்தது. நான் பின்னால் நின்று அவர்போலவே கையை விரித்துக் காட்டினேன். மாமா சிரிப்பை அடக்க இருமினார். அம்மா எங்கள் இரண்டுபேரையும் பார்த்தாள்; சிரிக்கவில்லை.

“எந்தப்புத்தான்” என்றார் அப்பா. கயிற்றைச் சுருட்டினார். “மதி.”

தை பிறந்தால் வேலைக்கு வரமாட்டேன் என்று தோட்டத்தில் சொல்லிவைத்திருந்தாராம். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. மலைத்தண்ணீர் வழக்கம்போல் மூலையில் நுழைந்தது, மேட்டிலிருந்த பள்ளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலியோரம் ஓடி, ரோட்டைத் தாண்டிப் போயிற்று. வானத்திலிருந்து நேரே விழுந்தது மட்டும் பள்ளத்துக்கு. அதையும் சரளை ஒரே பகலில் குடித்துவிட்டது. காட்டில் செம்மண் இருந்த நல்ல பாதி பழனிசெட்டிபட்டிக்குப் போய்விட்டதால், அந்த வருஷம் கடலை பாதிக் காட்டில்தான். அம்மா மதியத்துக்குமேலும் திராட்சைத் தோட்டத்திலேயே கூலிக்கு நின்றாள். அப்பா மலையேறினார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஏறினார். கடைசியில் அவரை மலையிலிருந்து இறக்கியது குட்டை அல்ல, முழங்கால்.

மழை விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பிடக் கூப்பிட அம்மா என்னை அனுப்பினாள். அப்பா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் தரையிலிருந்து, ஒரு விரல் உயரத்துக்குப் பச்சையாக இரண்டு தளிர். எழுந்து எல்லைக்கல்லுக்குப் போனார். அங்கிருந்து கையை விரித்து, மடக்கி, ஓர் எட்டு நகர்ந்து, மறுபடி விரித்து வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் இவருக்கு அந்தக் கிறுக்குப் போகவில்லை என்று நினைத்தேன். ஆறாவது தடவை கையை விரித்தபோது அவர் விரல்நுனி தளிருக்கு நேர்மேலே நின்றது. கொஞ்ச நேரம் கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

“இத ஆருடா நட்டது?”

“தெரியாதுப்பா. தானா மொளச்சிருக்கும்.”

“கிளுவ தானா மொளைக்காதே.”

“அப்ப காக்கா போட்டிருக்கும்.”

அப்பா என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன். அவர் குனிந்து மூன்று கல்லைப் பொறுக்கி, ஆடு மிதிக்காமல் தளிரைச் சுற்றி வைத்தார். பிறகு சாப்பிட வந்தார். அன்றைக்கு என்மேல் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட வழக்கு ஒன்று, வாத்தியாரின் கண்ணாடியை ஒளித்துவைத்த வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தன. இரண்டும் தள்ளுபடி. எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் குலசாமி கோயிலில் காது குத்தினார்கள். சொன்ன சொல் தவறாமல் மாமா தங்கக் கடுக்கன் கொண்டுவந்தார். பட்டு வேட்டி, மாலை, வெற்றிலைத் தட்டு, ஒன்றும் குறைவில்லை. மொட்டைத் தலையோடு அவர் மடியில் உட்கார்ந்தேன். தாய்மாமன் மடி இல்லாமல் எங்களில் காது குத்து கிடையாது, அம்மாவுக்கு இருந்ததும் ஒரே தம்பி. அம்மா காலையிலிருந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் துள்ளினேன்.

“இறுக்கிப் புடிங்க மச்சான்” என்று மாமா சிரித்தார். “ஒங்க மகன் நழுவுற ஆளு.”

“தெரியும் மாப்ள” என்றார் அப்பா.

அதற்குள் ஊசி இறங்கிவிட்டது. நான் அலறிய அலறலில், அப்பா என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கவனிக்கவில்லை. அந்தக் கடுக்கன் இன்னும் என் காதில் கிடக்கிறது. எங்கள் காட்டில் விளைந்த ஒரே தங்கம்.

அடுத்த ஆடியில் யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. சுற்றிலும் வேலி போட்டுவிடலாம் என்று, இரண்டு நாள் விடுப்பில் வந்த அப்பா மஞ்சள் கயிற்றை எடுத்தார். எங்கே போனாலும் அவர் அளவெடுக்கக் கிளம்பினால் முனையைப் பிடிப்பது நான்தான். சொல்லாமலே முன்னால் ஓடிப்போய் எல்லைக்கல் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

அப்பா என்னைத் தாண்டிப் போனார். மூன்று கல்லுக்கு நடுவில் கிளுவை என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கயிற்றின் முனையை அதன் அடித்தண்டில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“நான் புடிக்கிறேம்ப்பா.”

“வேண்டாம். நீ போயி வெளாடு.”

அப்பா என்னை விளையாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய் டிப்பர் இறங்கிய சரிவில் பள்ளத்துக்குள் இறங்கினேன். பையன்கள் ஏற்கெனவே ஸ்டம்பு நட்டிருந்தார்கள். மேலே விளிம்பில் அப்பா கையை விரித்து, மடக்கி, தனியாக அளந்துகொண்டு போவது தெரிந்தது. அன்றைக்கு நான் அவுட்டே ஆகவில்லை. வேலையிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று பொழுது சாயும்வரை ஆடினேன்.